பொறுமைக் குணகம்

காலையில் எழுவேன். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றுவேன். மின்னடுப்பில் வைப்பேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு கிடையாது. நாள் முழுக்கத் தீயோடு மல்லுக்கட்டுகிற என் மனைவி, வீட்டிலும் அதன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பால் பொங்குவதற்குள் அடுப்பு தானாக அணையும். காபி குடிப்பேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். முகம் மழிப்பேன். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனையில் தீ அபாயப் பலகை இருக்கிறது. அதைப் பார்ப்பேன்.

முன்பு அந்தப் பலகையில் பச்சை, மஞ்சள், சிவப்பு இருந்தன. சிவப்பைப் பார்த்தால் சுற்றுலாப் பயணிகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று விடுதிக்காரர்கள் மனு கொடுத்தார்கள். இப்போது இளம்பச்சை, பச்சை, கரும்பச்சை. கரும்பச்சை என்றால் ஓட வேண்டும்.

அன்று பச்சை. கடையைத் திறந்தேன்.

என்னுடையது காது மெஷின் கடை. போடி கடைவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. உள்ளே கண்ணாடி போட்ட ஒலிபுகாத சிறு அறை ஒன்று உண்டு. காது சோதிக்கும் அறை. நான் செவித்திறனியல் படித்தவன். படிப்பு சொல்லித்தராத ஒன்றைக் கடை சொல்லித்தந்தது. காது கேட்காதவர்கள் கேட்கவில்லை என்று சொல்வதில்லை. தலையாட்டுவார்கள். எவ்வளவு பலமாக ஆட்டுகிறார்களோ அவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்று அர்த்தம்.

வாசலில் பிச்சைமணி நின்றிருந்தார்.

"காது பாக்கணும் மச்சான்."

"போன வாரம்தானே பார்த்தேன். உங்களுக்குப் பாம்புக் காது."

"இந்த வாரம் பாருங்க."

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினேன். ஒவ்வொரு ஒலிக்கும் கை தூக்க வேண்டும். மிக மெல்லிய ஒலிக்கும் தூக்கினார். நான் எதுவும் அனுப்பாதபோதும் ஒருமுறை தூக்கினார்.

"இப்ப ஒண்ணும் வரலையே."

"வந்துச்சு மச்சான்."

பிச்சைமணி மலையில் தீக்காவலர். என் மனைவி தமயந்தி நடத்திய குழுவில் இருந்தவர். அவளைவிட மிகவும் மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். குழுவில் எல்லாரும் அப்படித்தான். அது மரியாதை இல்லை, பயம்.

போன மாசியில் உச்சிப்பாறைச் சரிவில் தீ பிடித்தது. மலைத்தீ முன்பெல்லாம் நடக்கும் என்பார்கள். இப்போது ஓடுகிறது. மழை தவறியது. உண்ணிச்செடி மண்டியது. எண்ணெய் எடுக்கிற போதைப்புல் ஆளுயரம் வளர்ந்தது. காலையில் காற்று மலையிலிருந்து இறங்கும். சரிவு சூடேறியதும் சட்டென்று திரும்பி ஏறும். முழங்கால் உயரத்தில் கிடக்கிற தீ, காற்று திரும்பியதும் ஓடைப் பள்ளத்தைப் புகைபோக்கியாக்கிக்கொண்டு பனை உயரத்தில் மேலே போகும். யாரும் அதை முந்தி ஏறியதில்லை.

இந்தத் திருப்பத்தைக் கணிக்கத்தான் மலைத்தீ ஆணையம் 'நல்வாக்கு' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மரங்களில் உணரிகள், மேலே ட்ரோன்கள், ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல். காற்று திரும்பப்போவது அதற்கு முன்கூட்டியே தெரியும். அன்றும் தெரிந்திருக்கிறது. விசாரணை அறிக்கையில் அதைப் பெருமையாகவே எழுதியிருந்தார்கள்.

அன்று அது முதலில், இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்றது. பிறகு, மேலே உள்ள பாதுகாப்பு மாடத்துக்குச் செல்லுங்கள் என்றது. தமயந்தி தன் ஆட்களைக் கீழே, ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிக்குள் இறக்கினாள். எரிந்த இடம் மறுபடி எரியாது. தீக்காவலர்களுக்கு அதுதான் முதல் பாடம். ஒரு கால் எப்போதும் கரியில் இருக்க வேண்டும். பிச்சைமணி மட்டும் ஹெல்மெட் சொன்னபடி மேலே ஏறினார். அவள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். எட்டிப் பிடித்தாள். ஹெல்மெட்டைப் பிடுங்கினாள். கீழே தள்ளினாள். அவர் உருண்டு போய்க் கரிக்குள் விழுந்தார். அதற்குள் அவளுக்கும் கரிக்கும் நடுவில் தீ வந்துவிட்டது.

நல்வாக்கு பேசும்போது ஹெல்மெட்டில் மற்ற எல்லாக் குரலும் நின்றுவிடும். முக்கியமானது தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருந்தார்கள்.

"அக்கா வாய் அசைஞ்சுது மச்சான்" என்றார் பிச்சைமணி, ஹெட்போனைக் கழற்றாமலே. ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்வார். "என்னயப் பாத்து ஏதோ கத்துச்சு. இந்தச் சனியன் காதுக்குள்ள பேசிக்கிட்டே இருந்துச்சு. கேக்கல."

"தெரியும்."

"கேக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல. நான் தலையாட்டுனேன் மச்சான்."

அதற்கு என்னிடம் மெஷின் இல்லை.

---

அன்று மதியமே ஆணையத்தின் துணை ஆணையர் வரதராஜப்பெருமாள் கடைக்கு வந்தார். கூடவே ஜெசிந்தா என்ற பொறியாளர். நல்வாக்கைச் செய்துகொடுத்த நிறுவனத்துப் பெண். நாகர்கோவில்காரி.

வரதராஜப்பெருமாள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மனைவி இறந்ததற்கு வந்த பொன்னாடைகளை வைத்து நான் ஒரு மெத்தை தைக்கலாம்.

"உங்க மனைவியோட கடைசி வார்த்தைகள் இன்னைக்கு மாநிலம் முழுக்க ஒலிக்குது, மிஸ்டர் குமரகுரு."

"காடு வாழ்ந்தால் நாடு வாழும்." கேட்டிருக்கிறேன். நாட்காட்டியில் இருக்கிறது. பேருந்துகளின் முதுகில் இருக்கிறது. பள்ளிகளில் காலை வணக்கத்தில் சொல்ல வைக்கிறார்கள். தமயந்தி மலையை 'அந்தக் கழுதை' என்றுதான் சொல்வாள். "கழுதை இன்னைக்கு உதைச்சிருச்சு" என்று கரி அப்பிய முகத்தோடு வந்து நிற்பாள். நாடு பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

"இப்ப ஒரு சின்னப் பிரச்சினை" என்றார். "அந்தச் சம்பவத்துக்கப்புறம் யாரும் நல்வாக்கு பேச்சைக் கேக்கறதில்ல. பேட்டரியைக் கழட்டிட்டுப் போறாங்க. ஒருத்தன் ஹெல்மெட்ல முட்டை வாங்கிட்டுப் போறான்."

"உடையாம இருக்கும் சார்."

தலையாட்டினார். "ஆய்வு நடத்தினோம். பழக்கமான குரல் சொன்னா மனுஷன் கட்டுப்படறான். யார் குரலுக்குக் கட்டுப்படுவீங்கன்னு நாப்பது பேர்கிட்டயும் கேட்டோம். நாப்பது பேரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க. ஜெசிந்தா, போடும்மா."

ஜெசிந்தா என் முகத்தைப் பார்க்காமல் மடிக்கணினியைத் தட்டினாள்.

"அன்புச் சகோதர சகோதரிகளே, பதற்றம் வேண்டாம். தயவுசெய்து இருக்கும் இடத்திலேயே இருங்கள். நன்றி."

தமயந்தியின் குரல். மூக்கு லேசாக அடைத்தது போல, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் கொஞ்சம் சலிப்போடு. சரியாகச் செய்திருந்தார்கள். என்னோடு வாழ்ந்த காலத்தில் அவள் என்னிடம் தயவுசெய்து என்றோ நன்றி என்றோ சொன்னதில்லை. "யோவ், துண்டு" என்பாள். துண்டை எடுத்துக் கொடுப்பேன்.

"எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்கு" என்றேன். தொழில்முறைக் கருத்து. "நிக்கச் சொல்றீங்களே."

"சூழ்நிலையைப் பொறுத்து."

"எந்தச் சூழ்நிலையில ஓடச் சொல்லும்?"

"ஓடுங்கிற வார்த்தையே கூடாது. பீதி கிளம்பும். இடப்பெயர்வுன்னு சொல்லுவோம்."

"நான் சம்மதிக்கலேன்னா?"

அவர் வருத்தத்தோடு சிரித்தார். "பணி நேரத்துல பதிவான குரல் ஆணையத்தோட சொத்து சார். உங்க கையெழுத்து ஒரு மரியாதைக்கு. அமைச்சர் தொடங்கி வைக்கிறார். நீங்க மேடையில இருந்தா ஒரு நிறைவு."

"யோசிச்சுச் சொல்றேன்."

"தாராளமா யோசிங்க. சோதனை ஓட்டம் நேத்தே ஆரம்பிச்சாச்சு."

---

அந்த வாரம் பிச்சைமணி இரண்டாவது முறையாக வந்தார். புருவங்கள் இல்லை. காது மடலில் களிம்பு.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மச்சான். பலாத்தோப்புக்கு மேல சின்னத் தீ. காத்து திரும்பிருச்சு. மத்தவங்க கரிக்குள்ள போயிட்டாங்க. அக்கா நிக்கச் சொல்லுச்சு. நின்னேன்."

"அது அக்கா இல்ல. மெஷினு."

"தெரியும். நான் என்ன கிறுக்கனா?"

"அப்புறம் ஏன் நின்னீங்க?"

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போன தடவை அக்கா பேச்சைக் கேக்கலல்ல."

அவரை யார் வெளியே கொண்டுவந்தது என்று கேட்டேன். குழுவில் இருக்கும் சாமிக்கண்ணு காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்திருக்கிறார். "முதுகுத் தோலு போச்சு. அவன்கிட்ட ஒரு மாசம் பேசக்கூடாதுன்னு இருக்கேன்" என்றார்.

"அடுத்த தீயிலயும் நிப்பீங்களா?"

"அக்கா சொன்னா நிப்பேன்."

புருவம் இல்லாத முகத்தில் எது வருத்தம், எது பிடிவாதம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் நிற்பார். நிற்க வைக்கத்தான் அவள் குரலை எடுத்திருக்கிறார்கள். சாமிக்கண்ணு எல்லா நாளும் பக்கத்தில் இருக்கமாட்டார். தமயந்தி தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஆளை, தமயந்தியின் குரலை வைத்தே எரிக்கப்போகிறார்கள். அதற்கும் எனக்கு ஒரு பொன்னாடை வரும்.

அவர் போனதும் ஜெசிந்தாவுக்கு போன் செய்தேன்.

---

அவள் தனியாக வந்தாள். கண்ணாடி அறையைக் காட்டி, "இதுக்குள்ள பேசினா வெளிய கேக்காதுல்ல சார்?" என்றாள்.

"கேக்காது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். இரண்டு பேர் உட்கார இடம் போதாது. அவள் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"காத்து திரும்பப்போறது அதுக்கு முன்னாடியே தெரியும்னு அறிக்கை சொல்லுது. தெரிஞ்சும் ஏன் நிக்கச் சொல்லுச்சு?"

"பொறுமைக் குணகம் சார்."

"அப்படின்னா?"

"முதல்ல நாங்க செஞ்சது அப்படி இல்ல. லேசா சந்தேகம் வந்தாலே பின்வாங்கச் சொல்லிரும். தினமும் மத்தியானம் எல்லாரும் பின்வாங்கினாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா எரிஞ்ச பரப்பு கூடிருச்சு. மாநிலங்களோட தரவரிசையில ஆணையம் கீழ போயிருச்சு. 'உங்க மெஷின் ரொம்பப் பயந்தாங்கொள்ளியா இருக்கே, கொஞ்சம் பொறுமை சொல்லிக் கொடுங்க'ன்னு துணை ஆணையர் சொன்னார். சேர்த்தோம். இப்ப தொண்ணூறு சதவீதம் உறுதியானாத்தான் கிளம்பச் சொல்லும், அதுவரைக்கும் நிக்கச் சொல்லும்."

"தொண்ணூறு சதவீதம் எப்ப உறுதியாகும்?"

"தீ பத்தடி தூரத்துல இருக்கும்போது."

"நூறு?"

"நூறுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல சார்."

அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்ததைக் கேட்டேன்.

"சரி, கிளம்பச் சொன்னப்பவாவது ஏன் மேல போகச் சொல்லுச்சு? தீ மேலதானே ஏறும். பக்கத்துல கரி இருந்துச்சே."

"கரிக்குள்ள அனுப்ப முடியாது. எரிஞ்ச நிலத்துல இழப்பு மதிப்பீடு முடியற வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. தடயம் கலைஞ்சுருமாம். எங்க வரைபடத்துல எரிஞ்ச இடமெல்லாம் சிவப்பு. அனுமதிச்ச இடம் மாடம் ஒண்ணுதான். டெண்டர் விட்டுக் கட்டினது. கைப்பிடிச் சுவரெல்லாம் இருக்கு. காட்சி நல்லாயிருக்கும்."

பலகையிலிருந்து காணாமல் போன சிவப்பு அங்கேதான் இருந்திருக்கிறது.

"அவ கடைசியா என்ன சொன்னா?"

"காடு வாழ்ந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"அவங்க ஹெல்மெட் மைக்ல பதிவாகியிருக்கு சார். நான் கேட்டேன். வேற யாரும் கேக்கல."

"உங்க வரதராஜப்பெருமாள்?"

"அவர் அறிக்கையைத்தான் படிச்சார்."

"அறிக்கையை எழுதினது யாரு?"

"அவர்தான்."

மடிக்கணினி அவள் மடியில் இருந்தது. அதன் மேல் கையை வைத்தாள். "இப்ப போடட்டுமா சார்?"

ஹெட்போன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையில் எத்தனையோ பேருக்கு நான் ஒலிகளைக் கேட்க வைத்திருக்கிறேன்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்றாளா?"

"இல்ல சார்."

"நல்லது. நிக்கச் சொல்றாளா?"

"நிக்கவா? இல்லவே இல்ல."

"யார்கிட்டச் சொல்றா?"

"பிச்சைமணி அண்ணன்கிட்ட."

"அப்ப அது அவருக்கு வந்த பேச்சு. நான் முந்திக்கிட்டுக் கேட்டா மரியாதையா இருக்காது."

அவரைக் கூப்பிட்டு இந்த அறையிலேயே போட்டுக் காட்டலாம். அழுவார். அழுதுவிட்டு மலைக்குப் போவார். அடுத்த தீயில் அதே குரல், அன்புச் சகோதரரே நில்லுங்கள் என்று சொல்லும். நிற்பார். அவர் அதை இங்கே கேட்டுப் பயனில்லை. ஹெல்மெட்டுக்குள் கேட்க வேண்டும்.

"ஜெசிந்தா, நீங்க ரெக்கார்டிங்கை ஹெல்மெட்ல அப்படியே ஏத்த முடியுமா? ஒரு எழுத்து மாத்தாம."

"முடியும். ஆனா துணை ஆணையர் கையெழுத்து வேணும்."

"அவர் போடுவார்."

---

போட்டார்.

நான் என் சம்மதத்தோடு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். 'மறைந்தவரின் குரலில், அவர் கடைசியாகச் சொன்னதைத் தவிர வேறெதுவும் ஒலிக்கலாகாது.' வரதராஜப்பெருமாள் அதை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கவிதை சார் இது."

"மத்த அறிவிப்பெல்லாம்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அதெல்லாம் பழைய குரல்லயே இருக்கட்டும்மா. விழாவுக்கு இதுதான். ஆபத்து நேரத்துல காடு வாழ்ந்தால் நாடு வாழும்னு அவங்க குரல் கேட்டா, ஒவ்வொருத்தனுக்கும் அப்படியே சிலிர்க்கும்."

"அவ கடைசியா சொன்னது என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?" என்று கேட்டேன். நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

பலமாகத் தலையாட்டினார்.

ஆணைய அலுவலகத்தின் படி இறங்கும்போது ஜெசிந்தா சொன்னாள். "இந்தப் பதிவை எந்தப் பிரிவுல சேர்க்கிறதுன்னு கேட்டேன் சார். 'அஞ்சலி'ன்னு எழுதிட்டார்."

"அதனால?"

"பொறுமைக் குணகம் எச்சரிக்கைப் பிரிவுக்கு மட்டும்தான். அஞ்சலிக்குக் கிடையாது. லேசா சந்தேகம் வந்தாலே பேசிரும்."

---

விழா உச்சிப்பாறையில், அதே மாடத்தில். காலையில் என்று அழைப்பிதழ் சொன்னது. காலையில் ஒத்திகை மட்டும் நடந்தது. படிக்கட்டை ஒட்டிய புல்வெளியில் கொஞ்சம் கொளுத்தி, அணைத்துக் காட்டினார்கள். எரிந்த இடத்தைச் சுற்றி உடனே கயிறு கட்டினார்கள். 'நுழையத் தடை. இழப்பு மதிப்பீடு நிலுவையில் உள்ளது' என்று பலகை நட்டார்கள். பிறகு அமைச்சருக்காகக் காத்திருந்தோம்.

அமைச்சர் வந்தபோது வெயில் உச்சி தாண்டியிருந்தது. அடிவாரத்துப் பலகையில் கரும்பச்சை. "வளமான ஊர்" என்று பாராட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

சாமிக்கண்ணு ஓடிவந்து வரதராஜப்பெருமாளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "சார், பொழுது திரும்பிருச்சு. இனிமே காத்து மேல ஏறும். இப்பத் தீ வைக்க வேணாம் சார்."

"அமைச்சர் எதைப் பாப்பாரு? ஒத்திகையவா பாப்பாரு?"

"நாளைக்குக் காலையில வச்சுக்கலாம் சார்."

"நாளைக்கு அவருக்குக் கரூர்யா."

கீழே, ஓடைக் கரையில் புல்லுக்குத் தீ வைத்தார்கள். முதலில் சமர்த்தாக எரிந்தது. மேடையிலிருந்து கைதட்டினோம். சரிவில் நாற்பது தீக்காவலர்களும் ஹெல்மெட்டோடு வரிசையாக நின்றார்கள். முன்வரிசையில் பிச்சைமணி. புருவம் பாதி வளர்ந்திருந்தது. எனக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள். பின்னால் தமயந்தியின் ஆளுயரப் படம். அதன் கீழே, காடு வாழ்ந்தால் நாடு வாழும். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் புகைப்படம். பக்கத்தில் இருந்த என்னை வெட்டியிருந்தார்கள்.

மேசை மேல் ரிப்பன் கட்டிய சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் எல்லா ஹெல்மெட்டுகளிலும், மேடை ஒலிபெருக்கியிலும் அவள் குரல் வரும். அமைச்சர் பேசினார். தியாகம் பற்றிப் பேசினார். தியாகத்துக்கு ஆளெடுப்பு விரைவில் நடக்கும் என்றார். பிறகு பொத்தானை நோக்கி விரலை நீட்டிப் புகைப்படக்காரருக்காக அப்படியே வைத்திருந்தார்.

அப்போது என் பொன்னாடை எழுந்து என் முகத்தை மூடியது.

காற்று கீழேயிருந்து வந்திருந்தது.

பொன்னாடையை விலக்குவதற்குள் குரல் கேட்டது. அமைச்சரின் விரல் இன்னும் காற்றில்தான் இருந்தது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

அது ஒரே ஒரு ஆளின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கியது. ஆனால் அந்தத் தொனி நாற்பது பேருக்கும் தெரியும். முப்பத்தொன்பது ஹெல்மெட்டுகள் ஒரே சமயத்தில் கழன்று சரிவில் உருண்டன. கயிறு அறுந்தது. பலகை சாய்ந்தது. எல்லாரும் கரிக்குள் இருந்தார்கள். கீழே ஓடையில் தீ நிமிர்ந்துகொண்டிருந்தது. ஓடவில்லை, இன்னும் நிமிர்ந்துகொண்டுதான் இருந்தது. லேசான சந்தேகம் அளவுக்குத்தான்.

பிச்சைமணி மட்டும் நின்ற இடத்தில் நின்றார்.

கைகளை ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் வைத்திருந்தார். கண்ணாடி அறையில் ஹெட்போனை அழுத்திக்கொள்வது போல. குரல் மறுபடியும் சொன்னது. இந்த முறை அவர் தலையாட்டவில்லை. கழற்றி எறிந்தார். ஆனால் நேராகக் கரிக்குப் போகாமல், படியேறி மேடைக்கு வந்து என் கையைப் பிடித்தார்.

"எந்திரிங்க மச்சான். அக்கா திட்டுது."

இறங்கினோம். அமைச்சர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். எப்போது கிளம்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வரதராஜப்பெருமாள் அறுந்த கயிற்றுக்கு அருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"இது தடை செய்யப்பட்ட பகுதி. மதிப்பீடு முடியல."

"முடிச்சுக்கலாம் சார்" என்று ஜெசிந்தா அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். சாம்பலில் குப்புற விழுந்தார்.

பிறகு தீ எங்களைக் கடந்து போனது. நாங்கள் கரியில் குந்தி, முகத்தை மண்ணோடு வைத்துக்கொண்டோம். முதுகில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தது போல இருந்தது. நிமிர்ந்தபோது மாடம் எரிந்துகொண்டிருந்தது. பந்தல் துணி, வாடகை நாற்காலிகள், ரிப்பன் கட்டிய பொத்தான், என் பொன்னாடை. தமயந்தியின் படம் கீழிருந்து மேலாக எரிந்தது. முதலில் எழுத்துகள் போயின.

நாற்பது பேரையும் சாமிக்கண்ணு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாற்பது பேரும் பதில் சொன்னார்கள். பிச்சைமணி பெயருக்கு மட்டும் "அவன்கூட நான் பேசுறதில்ல" என்று ஒரு பதில் வந்தது. யாரோ சிரித்தார்கள். அமைச்சருக்கு ஒரு செருப்பு குறைந்தது. வரதராஜப்பெருமாள் சாம்பலில் உட்கார்ந்தபடி போனில் செய்திக்குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். "செய்முறை விளக்கம் மாபெரும் வெற்றி. ஆமா, போட்டுக்கோ. திட்டமிட்டபடி. எல்லாம் திட்டமிட்டபடி."

பிச்சைமணி என் பக்கத்தில் குந்தியிருந்தார். கன்னத்தில் கரியில் இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன.

"கேட்டுச்சு மச்சான்" என்றார்.

"எனக்கும்."

ஒலிபெருக்கி மட்டும் இரும்புக் கம்பத்தில் இன்னும் இருந்தது. அதன் வயர் உருகும்வரை, மேலே எரிகிற காலி நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்:

"யோவ் பிச்சைமணி, அதைக் கழட்டி எறிய்யா. கரிக்குள்ள இறங்கு. மேல ஒருத்தனும் இல்ல."